வாசலில் ஒரு சரணம்: கேரல் ரவுண்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கிறிஸ்துமஸ் பாட்டோடு வீடு வீடாகப் போகும் கேரல் ரவுண்டு எங்கள் தெருவுக்கு வருவது முதலில் நாய்களுக்குத்தான் தெரியும். அவை குரைத்து ஓய்வதற்குள் மினி லாரி வந்து நின்றுவிடும். ஜெனரேட்டர், நாலு பெரிய ஸ்பீக்கர், வண்ண விளக்கு, பென் டிரைவிலிருந்து பாட்டு. முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா ஆடுவார், பையன்கள் ஆடுவார்கள், வீட்டுக்காரர் கேட்டுப் பக்கத்தில் நின்று செல்போனில் படம் எடுப்பார். கவர் கைமாறும். வண்டி அடுத்த வீட்டுக்கு நகரும். எல்லாம் சேர்த்து மூன்று நிமிஷம். இதில் பாடியது யார் என்று ஒருநாள் யோசித்துப் பார்த்தேன். யாருமே இல்லை.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தப் பையன்களில் இரண்டு பேர் என் அண்ணன் பிள்ளைகள். ஆனால் அந்த ராத்திரிக்கு அப்புறம் கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலைப் பக்கத்தில் நாங்கள் ஒரு சின்னக் குழுவைத் தொடங்கினோம். ஒரே ஒரு விதிதான்: போகிற வீட்டில் ஒரு சரணத்தை வீட்டுக்காரர்தான் பாட வேண்டும். நாங்கள் நிறுத்திவிடுவோம். அவர்கள் பாடுவார்கள். இந்த ஒரு விதியைக் காப்பாற்ற என்னவெல்லாம் செய்ய வேண்டியிருந்தது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் ஊர் நாகர்கோவிலாக இருந்தாலும் கொல்லங்கோடாக இருந்தாலும் ஏறக்குறைய இதே வேலைதான்.

முதல் வேலை: ஆட்களும் தேதியும்

பத்திலிருந்து பதினைந்து பேர் போதும். இருபதைத் தாண்டினால் முற்றத்துக்குள் பாதிப் பேர், ரோட்டில் பாதிப் பேர் என்று ஆகிவிடும். ரோட்டில் நிற்பவர்கள் பாட மாட்டார்கள், கதை பேசுவார்கள். குரல் நன்றாக இருப்பவர்களை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். பாட்டுப் புத்தகம் இல்லாமலே ஆறு சரணமும் சொல்லக்கூடிய ஒரு வயதானவர், தாளம் தப்பாத ஒருவர், வெட்கப்படாத மூன்று பிள்ளைகள், இவ்வளவும் அமைந்தால் மீதிப் பேர் யாராக இருந்தாலும் சரி. எங்கள் குழுவுக்குப் பாட்டா (தாத்தா) ஒருவர் இருந்தார். எட்டுக்கட்டையெல்லாம் கிடையாது, ஒன்றரைக் கட்டைக் குரல். ஆனால் யார் மறந்தாலும் அடுத்த வரியை அரை நொடிக்கு முன்னால் எடுத்துக் கொடுப்பார்.

தேதி குறிப்பதில்தான் நம் மாவட்டத்தில் சூட்சுமம் இருக்கிறது. நவம்பர் கடைசியில் தொடங்கும் கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா டிசம்பர் 3-ல்தான் முடியும். அதுவரை கத்தோலிக்க வீடுகளில் பாதி ஆள் கோட்டாறில் இருப்பார்கள். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் பிள்ளைகளுக்கு அரையாண்டுப் பரீட்சை வந்துவிடும். பரீட்சை நடக்கும் வாரத்தில் ரிகர்சல் வைத்தால் அம்மாக்கள் உங்களை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டார்கள். அதனால் ரிகர்சலை நவம்பர் இரண்டாம் வாரத்திலேயே தொடங்குங்கள். வாரம் ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், மொத்தம் ஐந்து. ரவுண்டை டிசம்பரில் இரண்டு சனிக்கிழமைகளிலும், பரீட்சை முடிந்த பிறகு ஒரு நாளிலும் வைக்கலாம். 24-ம் தேதி ராத்திரி வேண்டாம். அன்றைக்கு வீடு வீடாக முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் சட்டியில் இருக்கும். வாசலில் போய் நின்றால் எண்ணெய்ச் சட்டியை விட்டுவிட்டு யார் வருவார்கள்?

கடற்கரை ஊர்களுக்குப் போகிறவர்கள் இன்னும் இரண்டு தேதிகளை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒக்கி புயல் அடித்தது 2017 நவம்பர் 30. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் இன்றைக்கும் அந்த நாள் வந்தால் வீடுகள் அடங்கிப் போகும். அப்புறம் 2004 டிசம்பர் 26, சுனாமி. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடிப் பக்கமெல்லாம் அது நினைவு நாள். இந்த இரண்டு நாட்களிலும் மேளத்தோடு அந்தப் பக்கம் போகக் கூடாது. போவதானால் கல்லறைத் தோட்டத்துக்கு, மேளமில்லாமல்.

வீட்டில் தொடங்குவது

ரிகர்சல் ஹாலில் அல்ல, வீட்டில்தான் இது பிடிக்கும். குடும்ப ஜெபம் முடிந்ததும் எழுந்து போகாமல் பத்து நிமிஷம் உட்காருங்கள். ஒரே பாட்டை ஒரு வாரம் முழுக்கப் பாடுங்கள். திங்கட்கிழமை எல்லோரும் புத்தகத்தைப் பார்ப்பார்கள், வியாழக்கிழமை பார்க்க மாட்டார்கள். வீட்டில் அம்மா ஒரு மெட்டிலும் மைனி (அண்ணி) வேறு மெட்டிலும் பாடுவது வழக்கமான சண்டை. இவர் பிறந்த ஊரில் ஒரு மாதிரி, அவர் பிறந்த ஊரில் ஒரு மாதிரி. தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டையும் பாடி, எந்த மெட்டு எளிதில் வாயில் வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னப் பிள்ளைகளிடம் "பாடு" என்றால் தூணுக்குப் பின்னால் போய்விடும். ஒரு வேலை கொடுங்கள்: பல்லவி வரும்போதெல்லாம் மணியடிப்பது, டார்ச்சைப் பாட்டுத்தாளில் பிடிப்பது, ஸ்டார் தூக்குவது. மூன்றாம் நாள் மணியடிக்கும் பிள்ளை தானாகவே பாடிக்கொண்டிருக்கும்.

வளைகுடாவில் இருக்கும் அண்ணனையோ மாப்பிள்ளையையோ வீடியோ காலில் சேர்ப்பது இப்போது எல்லா வீட்டிலும் உண்டு. எல்லோரும் ஒன்றாகப் பாட முயன்றால் அலங்கோலமாகத்தான் முடியும். குரல் போய்ச் சேர்ந்து திரும்பி வருவதற்குள் நீங்கள் அடுத்த வார்த்தைக்குப் போயிருப்பீர்கள். அதற்கு ஒரு வழி இருக்கிறது. பல்லவியை இங்கே பாடி நிறுத்துங்கள். சரணத்தை அங்கிருப்பவர் தனியாகப் பாடட்டும், இந்தப் பக்கம் மியூட். முடிந்ததும் மறுபடி இங்கே பல்லவி. ஷார்ஜாவில் எட்டுப் பேர் படுக்கும் அறையில், போர்வைக்குள் தலையை விட்டு மெதுவாக ஒரு சரணம் பாடிய என் சித்தப்பா மகனின் குரலைக் கேட்டு எங்கள் வீட்டில் யாருக்கும் பல்லவி எடுக்க வரவில்லை. தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லிச் சமாளித்தோம்.

நாலே பாட்டு

ஆசைப்பட்டுப் பத்துப் பாட்டு படிக்காதீர்கள். நாலு போதும். ஒன்று, பழைய கீர்த்தனை; தாத்தா காலத்து ஆட்களுக்குத் தெரிந்தது. இரண்டாவது, மேலைநாட்டு மெட்டில் உள்ள ஞானப்பாட்டு ஒன்று. மூன்றாவது, பிள்ளைகள் கைதட்டும் பாட்டு. நாலாவது, வீட்டை வாழ்த்தி விடைபெறும் நாலு வரி.

நம் ஊரில் ஒரே தெருவில் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) வீடு, லத்தீன் கத்தோலிக்க வீடு, ரட்சணிய சேனை வீடு, லூத்தரன் வீடு எல்லாம் அடுத்தடுத்து இருக்கும். விளவங்கோடு பக்கம் கேரள மரபுள்ள மலங்கரைச் சபை வீடும் சேரும். அங்கே மலையாளத்தில் ஒரு பாட்டு கையில் இருந்தால் நல்லது. ஒரு சபையில் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கும் பாட்டு அடுத்த சபைக்காரர் கேள்விப்பட்டதாகவே இருக்காது. வீட்டுக்காரர் ஒரு சரணம் பாட வேண்டும் என்றால் அவருக்குத் தெரிந்த பாட்டாக இருக்க வேண்டுமே. அதனால் பாட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் தெருவில் நாலு சபை ஆட்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எல்லோருக்கும் பொதுவாகத் தெரிந்தது மூன்று, நாலு பாட்டுக்கு மேல் இருக்காது. அவைதான் உங்கள் பாட்டுகள்.

பெரிய வாத்தியம் இல்லையே என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. உலகம் முழுக்கப் பாடும் 'சைலன்ட் நைட்' 1818 டிசம்பர் 24-ல் ஆஸ்திரியாவின் ஓபெர்ண்டோர்ஃப் கிராமத்துக் கோவிலில் முதன்முதலாகப் பாடப்பட்டது. இரண்டு குரல்கள் பாடின. வாத்தியம் என்றால் ஒரு கிட்டார். அவ்வளவுதான்.

சுருதி: பாதிக் குழுக்கள் கவிழும் இடம்

வீட்டுக்காரர் வாய் திறக்காததற்கு வெட்கம் மட்டும் காரணமல்ல. நாம் பிடிக்கும் சுருதிதான் பெரும்பாலும் காரணம். கீபோர்டு வாசிக்கும் தம்பி தனக்கு விரல் பழகிய கட்டையில் தொடங்குவான். பல்லவி வரை எல்லோரும் வருவார்கள். அனுபல்லவி மேலே ஏறும்போது ஆண்கள் கத்துவார்கள், அக்காமார் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நிறுத்திவிடுவார்கள்.

சுருதியைக் கட்டையில் சொல்வோம், கணக்கு எளியது. ஒரு கட்டை என்றால் சி, இரண்டு டி, மூன்று இ, நாலு எஃப், ஐந்து ஜி. தனியாகப் பாடும்போது ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டையும், பெண்களுக்கு ஐந்து, ஐந்தரையும் வசதி என்பது பொதுவான வழக்கம். எல்லோரும் கலந்து பாடும்போது இந்த இரண்டையும் மறந்துவிட்டு, பாட்டின் உச்ச ஸ்வரம் எங்கே போய் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். கீபோர்டில் நடு சி-க்கு அடுத்த மேல் சி-யில் அது நின்றால் யாருக்கும் சிரமமில்லை. மேல் டி வரை போகலாம். அதைத் தாண்டினால் தெருவில் நிற்கும் சாதாரணத் தொண்டைக்கு அது வேலையில்லை. ஆண்கள் இயல்பாகவே ஒரு ஸ்தாயி கீழே பாடிக்கொள்வார்கள்.

அதாவது, சா-வில் தொடங்கி மேல் சா வரை ஏறுகிற பாட்டு என்றால் ஒன்று அல்லது ஒன்றரைக் கட்டை. கீழ் பா-வில் தொடங்கி நடு பா வரைக்கும்தான் சுற்றுகிறது என்றால் நாலு கட்டை, மிஞ்சினால் ஐந்து. ஆக, ஒவ்வொரு பாட்டுக்கும் கட்டை வேறு. பாட்டுத்தாளில் தலைப்புக்குப் பக்கத்திலேயே அதை எழுதி வையுங்கள். கீபோர்டுத் தம்பிக்கு டிரான்ஸ்போஸ் பட்டன் எங்கே இருக்கிறது என்று காட்டிக் கொடுங்கள். பழகிய விரலிலேயே வாசித்துக்கொள்ளட்டும். கட்டன்சாயா குடித்து முடித்து எழும்போது ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் சுருதி தானாக அரைக் கட்டை ஏறியிருக்கும், உற்சாகத்தில். வாத்தியம் இல்லாமல் போகும் குழு என்றால் ஒரு போனில் சுருதிப்பெட்டி ஆப் வைத்து, ஒவ்வொரு வாசலிலும் தொடங்கும் முன் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டாம் குரல் வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு: சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்று நாலு குரலைப் பிரித்துச் சொல்லித்தர ஐந்து ரிகர்சல் பத்தாது. குறுக்கு வழி, ஆண்கள் நாலு பேர் சா-வைப் பிடித்து "ஊ" என்று நிற்பது. அதன்மேல் மற்றவர்கள் பாட்டைப் பாடுவது. இன்னொன்று, பெரியவர்கள் ஒரு வரி பாட, பிள்ளைகள் அதன் கடைசி இரண்டு வார்த்தைகளை எதிரொலிப்பது. கேட்பவருக்குப் பெரிய கொயர் மாதிரி இருக்கும். உங்களுக்கு வேலை கம்மி.

வாத்தியமும் மழையும்

டிசம்பரில் நமக்கு வடகிழக்குப் பருவமழை முழுசாக ஓய்ந்திருக்காது. சாயங்காலம் வெள்ளிமலைப் பக்கம் கறுத்தால் தார்ப்பாய் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஈரக்காற்றில் தபேலாத் தோல் தளர்ந்து சுருதி இறங்கிவிடும். புறப்படும் முன்பு அரை மணி நேரம் குண்டு பல்புக்குப் பக்கத்தில் வைத்து எடுங்கள்; அடுப்புக்கு நேராகக் காட்டாதீர்கள். ஆர்மோனியத்தில் கீ ஒட்டிக்கொண்டு ஒரே ஸ்வரம் விடாமல் கூவும். துணியில் சுற்றி, அரிசி வாளிக்குப் பக்கத்தில் வைக்காமல் உலர்ந்த அலமாரியில் வையுங்கள். நடக்கும்போது ஆர்மோனியத்தை வார் போட்டுக் கழுத்தில் தொங்கவிடலாம். அப்படித் தூக்குபவரை வழியில் இரண்டு தடவை மாற்ற வேண்டும். நான் மாற்றாமல் தூக்கி, கிறிஸ்துமஸ் ஆராதனையில் கழுத்தைத் திருப்ப முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

தபேலா, ஆர்மோனியம், ஒரு ஜோடி சிங்கி, ஒரு கிட்டார் இருந்தால் தாராளம். செண்டை மேளம் கூப்பிடாதீர்கள். எனக்குச் செண்டை பிடிக்கும், ஆனால் அதன் முன்னால் எந்த வீட்டுக்காரர் சரணம் பாடுவார்?

தெரு, நேரம், சட்டம்

ஒரு வீட்டுக்கு ஆறு நிமிஷம், அடுத்த வீட்டுக்கு நடக்க மூன்று நிமிஷம். ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடித்தால் கணக்குப்படி இருபது வீடு வரும். பதினைந்துக்கு மேல் திட்டமிடாதீர்கள். எங்கேயாவது ஒரு வீட்டில் கிழங்கும் மீன்கறியும் வைத்து உட்கார வைத்துவிடுவார்கள், மறுத்தால் வருத்தப்படுவார்கள்.

ஒலிபெருக்கி கொண்டுபோனால் 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் உங்களுக்கும் பொருந்தும். எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை அனுமதி பெற்றவர்களும் நிறுத்திவிட வேண்டும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். இவ்வளவு தலைவலி எதற்கு? ஸ்பீக்கரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பதினைந்து பேர் சேர்ந்து பாடினால் தெருக்கோடி வரை கேட்கும். எப்படியிருந்தாலும் போகும் பாதையையும் நேரத்தையும் எழுதி ஸ்டேஷனில் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். ரோட்டைக் கடக்கும் இடங்களில் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் டார்ச்சோடு நடக்க வேண்டும். பின்னால் வருபவருக்குத்தான் பொறுப்பு அதிகம். கடைசிப் பிள்ளை வந்தபிறகுதான் அவர் நகர வேண்டும்.

போகப்போகும் வீடுகளுக்கு முந்தின நாளே சொல்லிவிடுங்கள். கைக்குழந்தை உள்ள வீடு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் இருக்கும் வீடு, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை உள்ள வீடு, எல்லாம் அப்போதுதான் தெரியவரும்.

வாசலில் ஆறு நிமிஷம்

போனதும் பாட்டை ஆரம்பிக்காதீர்கள். செருப்புச் சத்தம் அடங்கட்டும். முதல் பாட்டை மெதுவாக, இரண்டே பேர் தொடங்க வேண்டும். உள்ளே டிவியை அணைக்க அவர்களுக்கு நேரம் கிடைக்கும். இரண்டாம் வரிக்கு எல்லோரும் சேரலாம். ஒரு கீர்த்தனையில் பல்லவியும் ஒரு சரணமும். அப்புறம் பிள்ளைகளின் பாட்டு. அதற்கு அப்புறம்தான் நம் விஷயம்.

"பாடுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் பாட மாட்டார்கள். ஒருவரைப் பார்த்துக் கேட்க வேண்டும், அதிலும் அவருக்கு உறவுமுறையில் இளையவர் கேட்டால் மறுப்பது கஷ்டம். எங்கள் குழுவில் இதற்கென்றே பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள்.

"அண்ணாச்சி, அடுத்த சரணம் உங்களுக்கு."

"எனக்குப் பாட்டெல்லாம் வராது மக்கா. நீங்க பாடுங்க, நான் கேட்டுக்கிடுகேன்."

"வராட்டியும் பரவாயில்ல. நான் வரி சொல்லித் தாறேன், நீங்க பொறத்தால வாங்க."

அவள் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுப்பாள். முதல் வரி பேச்சு மாதிரி வரும், இரண்டாவது வரியில் மெட்டு ஒட்டும், மூன்றாவது வரியில் உள்ளே அடுப்படியில் இருந்து அவர் வீட்டு அக்கா சேர்ந்துகொள்வார். அந்த நேரத்தில் நம் குழு வாயைத் திறக்கக் கூடாது. தபேலாவும் நிற்க வேண்டும். கஷ்டமான வேலை இதுதான். ரிகர்சலில் பாடுவதைப் போலவே பாடாமல் நிற்பதையும் பழக வேண்டும்.

ஒரு வருஷம் குழித்துறைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். முன் அறையில் ஜன்னலோரமாக ஒரு பாட்டி கட்டிலில் படுத்திருந்தார். இரண்டு வருஷமாக எழுந்திருப்பதில்லை, ஆளையும் சரியாக அடையாளம் தெரிவதில்லை என்று மருமகள் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே நின்று மெதுவாகப் பாடினோம். இரண்டாம் சரணத்தில் உள்ளேயிருந்து ஏதோ முனகல் மாதிரி கேட்டது. வலிக்கிறதோ என்று மருமகள் ஓடினார். வலி இல்லை. பாட்டி ஆல்டோ பாடிக்கொண்டிருந்தார். நாங்கள் பாடிய மெட்டு இல்லை, அதற்குக் கீழே வரும் இரண்டாம் குரல். போர்டிங் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கற்றுக்கொண்டது போலிருக்கிறது. வார்த்தைகள் பாதிதான் வந்தன, ஸ்வரம் ஒன்றுகூடப் பிசகவில்லை. கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் தாளத்துக்கு ஏறி இறங்கின. அந்தப் பாட்டுக்கு எத்தனை சரணம் உண்டோ அத்தனையும் பாடினோம். அன்றைக்குப் பதினைந்து வீட்டில் ஒன்பதுதான் முடிந்தது.

கிறிஸ்துமஸ் தாத்தா பற்றி ஒரு வார்த்தை. பிளாஸ்டிக் முகமூடி இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு அப்படியே பேய்தான். பஞ்சு தாடி மட்டும் வைத்து, கண்ணும் கன்னமும் தெரியட்டும். மிட்டாயைத் தூக்கி எறியாமல் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேக்கை பாட்டு முடிந்த பிறகு சாப்பிடுங்கள். தூள் தொண்டையில் ஒட்டினால் அடுத்த வீட்டில் இருமல்தான். சுக்கு, மல்லி, மிளகு தட்டிப் போட்டுக் கருப்பட்டியில் கொதிக்கவைத்த சுக்குக்காப்பி ஒரு ஃபிளாஸ்கில் கூடவே வரட்டும்.

ஸ்டார் இல்லாத வீடு

அந்த வருஷம் ஒரு சாவு நடந்த வீட்டில் ஸ்டார் தொங்காது, குடிலும் வைக்க மாட்டார்கள். கேரல் குழுக்கள் அந்த வீட்டைத் தாண்டிப் போய்விடும். மரியாதைக்காகத்தான் அப்படிச் செய்கிறோம். ஆனால் உள்ளே இருப்பவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் அப்பா இறந்த வருஷம் விளக்கை அணைத்துவிட்டு, பாட்டு எங்கள் கேட்டுக்கு முன்னால் நின்று, எங்களைத் தாண்டியதும் மறுபடி தொடங்கியதைக் கேட்டுக்கொண்டு அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது நாங்கள் முன்கூட்டியே போய்க் கேட்கிறோம். இரண்டு பெரியவர்கள் போனால் போதும். "ராத்திரி வரட்டுமா, இல்லன்னா இன்னொரு நாள் சும்மா வரட்டுமா?" வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுவோம். வரச் சொன்னால், மேளமில்லை, தாத்தா இல்லை, காணிக்கை வாங்குவதில்லை. ஒரே பாட்டு, இறந்தவருக்குப் பிடித்தது எதுவோ அது. அந்த வீட்டிலும் ஒரு சரணத்தை விட்டு நிறுத்துவோம். சில வீடுகளில் யாரும் பாட மாட்டார்கள். அந்த ஒரு சரணத்தின் நேரம் அமைதியாக நின்றுவிட்டு, அடுத்ததை எடுப்போம்.

பக்கத்து வீடு, ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம்

கார்த்திகைக்குத் திரளிக் கொழுக்கட்டை கொடுத்துவிடும் வீட்டுக்கு டிசம்பரில் பாடாமல் போவது எப்படி? கிறிஸ்தவர் அல்லாத வீடுகளுக்கும் கேட்டுவிட்டுப் போகிறோம். அங்கே பிரசங்கம் கூடாது, கைப்பிரதி கூடாது, உண்டியல் கூடாது. பிள்ளைகளின் பாட்டும் வாழ்த்தும் மட்டும். அவர்கள் முறை வரும்போது அவர்களுக்குத் தெரிந்ததைப் பாடட்டும். ஒரு வீட்டில் பள்ளிக்கூடத்தில் படித்த கேரல் ஒன்றை அப்பாவே முழுசாகப் பாடினார்; இன்னொரு வீட்டில் ஆச்சி ஒரு தாலாட்டு பாடினார். பிறந்த குழந்தைக்குத் தாலாட்டை விடப் பொருத்தமான பாட்டு எது?

ஆஸ்பத்திரிக்குப் போவதானால் பகல் நேரம், நிர்வாகத்தின் அனுமதி, ஆறு பேருக்கு மேல் கூடாது, சளி இருமல் உள்ளவர்கள் வர வேண்டாம். வார்டின் நடுவில் நின்று பாடாமல் வராந்தாவில் நின்று பாடுங்கள். வேண்டாம் என்பவர் கதவைச் சாத்திக்கொள்ள வழி இருக்க வேண்டும். முதியோர் இல்லத்தில் இதற்கு நேர்மாறு. பக்கத்தில் உட்கார்ந்து, பழைய பாட்டுகளை மெதுவாக, அவர்கள் கேட்டதை எல்லாம். அங்கே நீங்கள் கொண்டுபோன பட்டியலுக்கு மதிப்பில்லை.

காசு

சந்தோஷமாகத் தொடங்கிய குழுக்கள் பிரிவது பெரும்பாலும் இங்கேதான். எங்கள் இரண்டாம் வருஷம் நல்ல வசூல். ஒரு பெண்ணின் நர்சிங் படிப்புக் கட்டணத்துக்கு என்று சொல்லித்தான் வாங்கினோம். கடைசியில் எண்ணிப் பார்த்தால் பாதிக்கு மேல் வேன் வாடகைக்கும் சட்டைக்கும் பிரியாணிக்கும் போயிருந்தது. யாரும் திருடவில்லை. கணக்கு எழுத வேண்டிய ஆள் நான், எழுதவில்லை, அவ்வளவுதான். மீதித் தொகையை எங்கள் கையிலிருந்து போட்டு நிரப்பினோம். ஆனாலும் அடுத்த வருஷம் மூன்று வீடுகளில் கதவு திறக்கவில்லை.

அதற்கு அப்புறம் வைத்துக்கொண்ட ஏற்பாடு இது. செலவுக்கான பணத்தைக் குழுவில் உள்ளவர்களே நவம்பரில் போட்டுவிட வேண்டும். வாசலில் வாங்கும் காசிலிருந்து ஒரு டீ கூடக் குடிக்கக் கூடாது. காசு எதற்கு என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்து, வாசலில் ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும்: "ஒரு வீட்டுக்குக் கூரை போட", "டயாலிசிஸ் செய்கிற ஒருவருக்கு". உதவி பெறுகிறவர் பெயரை வாசலில் சொல்லக் கூடாது. அவர் அதே தெருவில் நடக்க வேண்டியவர். பூட்டிய உண்டியல், சாவி அதைத் தூக்காத ஆளிடம். கவராகக் கொடுப்பவருக்கு அடிக்கட்டையுள்ள ரசீது. ஜிபே என்றால் ஒரே ஒரு நம்பர், அந்த மாதம் அதில் வேறு வரவு செலவு வேண்டாம். ராத்திரி முடிந்ததும் மூன்று பேர் உட்கார்ந்து எண்ணி, மூன்று பேரும் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும், தூக்கம் வந்தாலும். 80ஜி அனுமதி உள்ள அமைப்பின் ரசீது இல்லாமல் வருமானவரிச் சலுகை கிடைக்கும் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

கொடுக்காத வீட்டில் உண்டியலை ஆட்டாதீர்கள். ஒரு சரணம் பாடினார்களா, போதும்.

பணமாகத்தான் வேண்டும் என்பதும் இல்லை. தோவாளைப் பக்கத்துக் குழு ஒன்று வீடுகளில் அரிசி வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு ஒருமுறை ஒரு அண்ணாச்சி மட்டிப்பழக் குலை ஒன்றைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். மீதி ஆறு வீட்டுக்கும் அதைத் தோளில் வைத்துக்கொண்டே பாடினோம், அடுத்த நாள் அது முதியோர் இல்லத்துக்குப் போனது.

நோட்டின் கடைசிப் பக்கம்

கணக்கைப் புது வருஷத்துக்கு முன்னால் எல்லா வீட்டுக்கும் ஒரு தாளில் கொடுத்துவிடுங்கள். வாத்தியங்களை இரவல் வாங்கிய இடத்தில் துடைத்துக் கொடுங்கள். அப்புறம், சூடு ஆறுவதற்குள், அடுத்த வருஷத்துக்கு ஒரு பக்கம் எழுதி வையுங்கள். போன வருஷம் எங்கள் நோட்டில் இருந்தது இப்படி:

"கீர்த்தனை ஒன்றரைக் கட்டையில் இழுக்கிறது, ஒன்றுக்கு இறக்கணும். சிங்கி ஒன்று உடைந்தது. பலாமரத்து வீட்டில் நாய் கட்டிப்போட முந்தின நாளே சொல்லணும். டெய்லர் அண்ணன் மூன்றாம் சரணம் தெரியும் என்கிறார், முதல் சரணம் கேட்க வேண்டாம். குழித்துறை ஜன்னல் வீடு: பாட்டி ஆகஸ்டில் தவறிவிட்டார். ஸ்டார் இருக்காது. நவம்பரிலேயே போய்க் கேட்கணும். வரச் சொன்னால், ஆல்டோவைப் படித்துக்கொண்டு போகணும்."